டாடாநகர் என்று சொல்லிக்கொண்டிருந்த லக்கன்தா

லக்கன்தா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் சுமி போன் செய்தாள். பெஹாலாவில் பஸ் ஏறியவன், ஸ்டாப்பைத் தவறவிட்டு எங்கேயோ இறங்கி நிற்கிறேன். போனில் இதை அடிப்பதும் அழிப்பதுமாக இருக்கிறேன்...

பவானிபூர் பேங்க் கிளையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து கவுண்டர். நான் திருநெல்வேலி, அவர் ஜார்கண்ட் சந்தாலி ஆதிவாசி. இரண்டு பேருக்குமே பெங்காலி அரைகுறை. அதனாலேயே ஒட்டிக்கொண்டோம். பெங்காலியில் அண்ணனுக்கு தாதா, அப்படித்தான் அவர் எனக்கு லக்கன்தா ஆனார்.

ஊருக்குப் போய் வந்தால் நான் அல்வா கொண்டுவருவேன். லக்கன்தா ரயில்வே ஸ்டேஷனில் வாங்கிய பேடாவை நீட்டுவார். எப்போதும் பேடாதான்.

"ஏன் தாதா, உங்க ஊர்ல ஒரு பூசணிக்காகூடவா காய்க்காது?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"மாட்டி கராப்" என்றார்.

என் காதில் விழுந்தது நம்ம ஊர் மாட்டி. "ஐயோ, எதுல மாட்டிக்கிட்டீங்க?" என்று பதறிவிட்டேன். பெங்காலியில் மாட்டி என்றால் மண். மண் கெட்டுப்போச்சு என்றுதான் மனுஷன் சொல்லியிருக்கிறார். ஆபீஸே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னார். அவர் ஊர் யுரேனியம் சுரங்கத்தை ஒட்டி இருக்கிறது. கல்லை அரைத்து யுரேனியத்தை எடுத்தபின் மிஞ்சும் சேற்றை ஊர் ஓரத்தில் ஏரி மாதிரி தேக்கி வைத்திருக்கிறார்கள். கோடையில் அது காய்ந்து, தூசி வீட்டுக்குள் வரும்.

"பூசணி நல்லாத்தான் காய்க்குது. உனக்குக் குடுக்க மனசு வரல."

"அப்ப உங்க வீட்ல சாப்பிடறவங்க?"

"அண்ணனுக்கு வேலையே அந்தச் சுரங்கத்துலதான்ப்பா. சோறு போடறதும் அதுதானே..."

இரண்டு டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

சுமிக்கு முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார், ஊர்ப் பெயரைக் கேட்டதும் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அந்த ஊர்ப் பெண்ணுக்குப் பிள்ளை குறையோடு பிறந்துவிடுமோ என்று பயமாம். சுமி பக்கத்து அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து யார் ஊரைக் கேட்டாலும் லக்கன்தா பக்கத்து டவுன் பெயரைச் சொல்லி "டாடாநகர்" என்பார். ரிட்டயர்மென்ட் ஃபங்ஷனில் மேனேஜர் மைக்கில் "நம்ம டாடாநகர் லக்கன்தா" என்றார். இவரும் கை தட்டினார்.

கிட்னி என்கிறார்கள். எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, தெரியாததை நானும் எழுத மாட்டேன். ஆனால் மனசு சும்மா இருந்தால்தானே...

சுமிக்கு அப்பா 'பாபா', நான் 'காக்கு', சித்தப்பா முறை. போனை வைக்கும் முன் கேட்டாள். "காக்கு, ஃபேஸ்புக்ல போடுவீங்கதானே? டாடாநகர்னு மட்டும் போடாதீங்க."

"இப்பதானம்மா உனக்கு ஒரு இடம் பேசிட்டு இருக்காங்க..."

"அவங்களும் படிக்கட்டும். பாபாவை ஊருக்குத்தான் கொண்டுபோறோம்."

சரிம்மா. எழுதிவிட்டேன்.

லக்கன்தாவின் ஊர் மகுல்டி.

மகுல்டி லக்கன்தா... போயிட்டு வாங்க.