கஸ்பர் அண்ணை போட்ட 'அமரர்'

எங்கள் கஸ்பர் அண்ணை லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்து ஒரு அதட்டுப் போட்டால் மன்னாரில் கோழி முட்டை இடாது. அவ்வளவு கண்டிப்பு. பகலில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவார். வேலை முடிந்தால், எங்கள் ஊர்த் தேவாலயப் பங்கின் பழைய படங்கள் போடும் பேஸ்புக் குழுவுக்குப் பொலிஸ், நீதவான், மறியற்சாலை எல்லாம் அவர்தான். படத்தில் இல்லாத ஆளை டாக் செய்தால் எச்சரிக்கை. கேக் விற்க ஊர் முழுவதையும் டாக் செய்த ரஜனியைக் குழுவை விட்டே துரத்தினார். செத்தவர்களின் பெயருக்கு முன்னால் 'அமரர்' கட்டாயம். நீங்கள் மறந்தால் அவரே போட்டுவிடுவார்.

லண்டனின் மறுகோடி குட்மேய்ஸில் இருக்கும் றஜீனா அக்கா, கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாள் படம் ஒன்று போட்டார். அதில் வெள்ளைச் சட்டையோடு அவருடைய தம்பி றூபன். போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அண்ணை வழக்கம்போல 'அமரர்' போட்டார். உடனே போன் வந்தது.

"கஸ்பர், என்ரை தம்பிக்கு எந்தக் கோயில்லை அடக்கப் பூசை வைச்சனி?"

"என்னக்கா, பகிடியே?"

"அவன் செத்த நாளைச் சொல்லு. நான் இன்னும் ஒரு மெழுகுதிரி கொளுத்தேல்லை. அம்மாவின்ரை மரண அறிவித்தல்லையும் அவனை உயிரோடை இருக்கிற பிள்ளையளோடைதான் போட்டனாங்கள்."

பொலிஸ் போனை வைத்த கையோடு அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்.

அதைப் பார்த்துவிட்டு, காணாமல் போனவர்களின் மற்ற வீட்டார்களும் எழுதத் தொடங்கினார்கள். 'என்ரை மகனுக்கும் எடுத்துவிடு தம்பி.' 'எங்கடை அத்தானுக்கும்.' அண்ணை குசினி மேசையில் இருந்து படம் படமாக எடுத்தார். எடுக்க எடுக்க ஒவ்வொரு முகமும் நிமிர்ந்து, 'அப்ப நாங்கள் எங்கை?' என்று கேட்பதுபோல இருந்தது. தேத்தண்ணீர் ஆறி, ஆடை கட்டி, ஐஸ்கட்டியே ஆகிவிட்டது.

பிறகு உதைபந்தாட்டக் குழுப் படம் வந்தது. கோல் காவலன் இடத்தில் 'அமரர் நிஷாந்த்'. அண்ணையின் சொந்தத் தம்பி. காணாமல் போனவன்தான். அண்ணை முதன்முதல் 'அமரர்' போட்டதே அவனுக்குத்தான்.

மனைவி அஞ்சலீனா எட்டிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, இதை ஒருத்தரும் எடுக்கச் சொல்லேல்லைத்தானே. விடுங்கோவன்."

"அதைப் போட்ட பிறகுதானடி அவன் கனவிலை வந்து கதவைத் தட்டுறதை விட்டவன்."

சொல்லிக்கொண்டே விரலை வைத்து அந்தச் சொல்லை அழித்தார்.

இப்போது அந்த வீட்டில் வாசல் மணி அடித்தால், பார்சல்காரன் என்று தெரிந்தாலும், அண்ணைதான் முதலில் ஓடுகிறார்.