சட்டை ஒன்று, லேபிள் இரண்டு

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் லேபிள் அக்கா என்பார்கள். ஒரே துணியில் வெட்டிய சட்டைகளில் பாதிக்கு ஒரு கம்பெனியின் லேபிள், மீதிக்கு இன்னொன்று என்று வைத்துத் தைப்பது அவள் வேலை. கடைவீதியில் எவராவது சட்டையின் பெயரைச் சொல்லிப் பீற்றிக்கொண்டால் வாய்க்குள் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் அன்று மருந்துக்கடையில் நின்றாள். கணவருக்கு முந்தின இரவிலிருந்து காய்ச்சல். லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதர், தும்மல் வந்தாலே உயில் எழுதப் பேனா கேட்பவர். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என வீட்டிலிருந்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்திருந்தாள். இப்போது மூக்கடைப்புக்கும் ஒன்று கேட்டாள்.

கடைக்காரப் பெண் எடுத்துத் தரவில்லை. வேறென்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தாள். அக்கா பையிலிருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து வைத்தாள். அந்தப் பெண் அவற்றைத் திருப்பி, ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த எழுத்தைக் காட்டினாள்.

"ரெண்டும் ஒரே மருந்துக்கா. பேருதான் வேற. நீங்க கேக்குறதுலயும் இதான் இருக்கு."

அக்கா இரண்டு அட்டைகளையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தாள். "நானே அவருக்கு ரெண்டு பங்கு குடுத்துட்டேனாம்மா?"

எத்தனை போட்டார், ஈரல் கோளாறு உண்டா, குடிப்பாரா என்றெல்லாம் கேட்ட பெண், நல்லவேளை, ஒருநாள் அளவைத் தாண்டவில்லை என்றாள். மூன்றாவதும் சேர்ந்திருந்தால் ஈரலைப் பதம் பார்த்திருக்கும். இனி ஒன்றே போதும், அதுவும் இடைவெளி விட்டு; காய்ச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

போன உயிர் திரும்பியது, கூடவே கோபமும். கம்பெனி வைத்த பெயர் யானை அளவு, மருந்தின் பெயர் எறும்பு அளவு. அதுவும் வாங்குகிறவருக்குத் தெரியாத மொழியில். விழுங்குகிறவர் எதை விழுங்குகிறோம் என்று அறியக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? மருந்தின் பெயரை நம் மொழியில் பெரிதாக எழுதிக் கொடு என்று நின்று வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். படியிறங்கும்போது தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. "லேபிள் தைக்கிறவ தலையிலயே லேபிள் மிளகா அரைச்சிடுச்சே!"

காய்ச்சல் விட்டது. அக்கா வெட்டுத்துணியில் பைகள் தைத்தாள். மருந்து ஒன்றானால் பையும் ஒன்று. அட்டை எந்தப் பெயரில் வந்தாலும் அதற்குள்தான். பைமேல் மருந்தின் பெயர் சிவப்பு நூலில், கொட்டை எழுத்தில். சாப்பாட்டு இடைவேளையில் மற்றத் தையல்காரிகளும் வீட்டு அட்டைகளோடு வந்து தங்களுக்கும் கேட்டார்கள்.

கணவருக்கும் ஆசை வந்தது. "என் சட்டைக்கும் ஒரு பெரிய லேபிள் வையேன்."

"உள்ள இருக்குற சரக்கோட பேரைத்தான் போடுவேன். பரவால்லியா?"

மனிதர் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.