சாமிக்கு ஒரு ஸ்டிக்கர்

மண்ணரையில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி ஆபீசில் எனக்கு எதிர் மேசை அக்காவுடையது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிப்பது அவர் வேலை. பெட்டி எண், சைஸ், எத்தனை பீஸ் என்று மாற்றுவார், பிரிண்ட் கொடுப்பார், மறுபடி மாற்றுவார். நானூறு பெட்டி என்றால் நானூறு முறை. பார்க்கிற எனக்குத்தான் எரிச்சல் வரும். அவர் ஜெபமாலை உருட்டுவதுபோல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

ஊர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு அவர் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் அன்றைக்கென்று ஒரு ஷிப்மென்ட் வந்து நிற்கும். போன வருடமும் நின்றது. அக்கா ஊருக்கு எடுத்து வைத்திருந்த பையை மேசைக்கு அடியில் தள்ளினார். எனக்குப் பொறுக்கவில்லை. "நகருங்கக்கா" என்று உட்கார்ந்து, பேக்கிங் லிஸ்ட்டைப் படித்து ஒன்று முதல் கடைசி வரை தானே ஸ்டிக்கர் அடிக்கும்படி கம்ப்யூட்டரில் இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மூன்று மணிக்கு அவரை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, ராக்கெட் விட்டவன் மாதிரி காலை நீட்டி டீ குடித்தேன்.

நாலரைக்கு பேக்கிங் மாஸ்டர் வந்தார். "ஏனுங்க தம்பி, ஒண்ணாம் நம்பர் பொட்டிக்கு ஸ்டிக்கர் இல்லீங்களே."

"எல்லாம் அடிச்சாச்சுங்க. நல்லாத் தேடிப் பாருங்க" என்றேன், கொஞ்சம் திமிராகவே.

தேடினோம். இல்லை. லாரி வாசலில் நின்றது. ஸ்கிரிப்ட்டை வரி வரியாகப் பார்த்தேன், தப்பே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அக்காவுக்கு போன் போட்டேன்.

"முருகனுக்கு ஒண்ணு சேத்து அடிக்கலியா தம்பி?" என்றார்.

ஒவ்வொரு ஷிப்மென்டிலும் முதல் ஸ்டிக்கரைச் சந்தனம் தொட்டு முருகன் படத்தின் சட்டத்தில் ஒட்டுவது மாஸ்டரின் வழக்கம். அன்றைக்கும் ஒட்டியிருந்தார். அது எனக்கும் தெரியும். அந்த ஸ்டிக்கர் எங்கிருந்து வருகிறது என்றுதான் யோசித்ததில்லை. கழுத்தில் சிலுவை போட்ட அக்கா, யாரும் சொல்லாமலே, ஒன்றாம் எண்ணை மட்டும் இத்தனை வருடமாக இரண்டு முறை அடித்து வந்திருக்கிறார்.

"பஸ் தாராபுரந்தான் வந்திருக்கு. எறங்கி வந்துரவா?" என்று கேட்டார்.

"மொதல்ல போய்க் கொடியேத்தத்தப் பாருங்கக்கா" என்று போனை வைத்தேன். குறைந்த ஸ்டிக்கரை நானே அடித்துக் கொடுக்க, லாரி கிளம்பியது.

கையோடு கையாக, ஒன்றாம் எண்ணை இரண்டு முறை அடிக்கச் சொல்லி ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்தேன். மாஸ்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஸ்டிக்கரை மிஷினே இரண்டாகத் தரும் என்பது அவர் நினைப்பு. நான் விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வரி வேண்டாங்க தம்பி" என்றார் பிறகு. "மத்ததெல்லாம் மிஷின் அடிக்கட்டுங்க. சாமிக்கு ஒட்டறத மட்டும் அம்மிணி வந்து அடிக்கட்டும்."

வரியை அழித்தேன். இப்போதும் ஸ்கிரிப்ட் நானூறையும் அடித்து முடித்த பிறகு, அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு ஸ்டிக்கர் அடிக்கிறார். அதை வாங்கிப் போக மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து காத்திருக்கிறார்.