எனக்கு வராத பல்வலி

சண்டை முடிந்து, சைகோனில் அரிசியிலிருந்து சோப்பு வரை எல்லாமே ரேஷன் சீட்டுக்கு வந்துவிட்ட வருஷங்கள். எனக்கு ஒன்பது வயதிருக்கும். கூட்டுறவுக் கடை அரிசியில் கல் பொறுக்குவது என் வேலை. கல் ஒரு பக்கம் போகும், வேகாத அரிசி ஒரு பிடி என் வாய்க்குள் போகும். அதில் அப்படியொரு ருசி எனக்கு. அரிசி குறைகிறதென்று அம்மா எலியைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவேன். சோம்பேறி என்பார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூட வரிசையில் மயங்கி விழுந்தேன். நர்சம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை, மாத்திரை வர நாளாகும், அதுவரை ஈரலும் ரத்தமும் கொடுங்கள் என்று அம்மாவை வரவழைத்துச் சொல்லிவிட்டாள்.

நாங்கள் காரைக்காலிலிருந்து போன சைவக் குடும்பம்.

"நம்ம வூட்டு அடுப்புல அதெல்லாம் ஏறாது. கீரை குடு" என்றார் அப்பா.

தினமும் கீரை வந்தது. நான் படியில் உட்காருவது நிற்கவில்லை.

கீழ்வீட்டில் ஒரு வியட்நாம்காரி இருந்தாள். தமிழர் துணிக்கடையில் வேலை பார்த்தவள், தமிழ் பேசுவாள். சின்னவர் பெரியவர் எல்லாரும் அவளுக்கு 'நீ'தான். எங்களுக்கு வரும் இறைச்சிச் சீட்டை அம்மா அவளிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பச்சைப்பயறு வாங்கிக்கொள்வாள். அந்த மாதம் சீட்டை என்னிடம் கொடுத்தனுப்பும்போது, "பயறு வேணாம்னு சொல்லிடு. அங்கயே செத்த வெளையாடிட்டு வா" என்றாள்.

கீழே எனக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வந்தது. உள்ளே பழுப்பாகச் சதுரத் துண்டுகள்.

"இது என்னாது?"

"பன்னி ரத்தம். உன்கிட்ட இல்லே, பன்னிகிட்ட இருக்கு. சாப்பிடு."

"அம்மா அடிக்கும்."

"நீ சொல்லாதே. நான் சொல்லமாட்டேன். பன்னியும் சொல்லாது."

எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டாள். அழுதுகொண்டே தின்றேன். மறுமுறை அழவில்லை. அதற்கடுத்த முறை கிண்ணத்தை வழித்தேன்.

அப்புறம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இது நடந்தது. குழாயடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு மேலே போவேன். எங்கே போனாய் என்று அம்மா கேட்கமாட்டாள். என் வாயில் ஒரு கிராம்பைப் போடுவாள். எதற்கென்று நானும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேனே! மாரியம்மன் கோயிலில் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிடுவேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் மூன்று மாடியும் உட்காராமல் ஏறி வந்துவிட்டேன். வாசலில் அப்பா.

"என்னாடி, ஓடியாறே! பாத்தியா, கீரை வேல செஞ்சிருக்கு" என்றவர், முகத்தைக் கிட்டே கொண்டு வந்தார். "அதென்னா கிராம்பு வாசன?"

கோயிலில் மூடுவதுபோல உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பல்வலிங்க அவளுக்கு" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "ரெண்டு மாசமா."

எனக்கு ஒரு பல்லும் வலிக்கவில்லை. பாவம், பெற்ற பெண்ணைப் பற்றி இப்படித் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறாளே, இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.