வெள்ளைக்காரன் காலத்து ஏலக்காய்

இன்று பிள்ளைகள் இருவரையும் தேனியில் நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு காலத்தில் ஏலக்காய் வியாபாரி ஒருவர் குடியிருந்த பங்களா அது.

பெரியவன் பழைய தராசை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா திங்கிற?"

"ஏலக்காப்பா."

தராசுத் தட்டில் ஏலக்காய் குவிந்திருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: ‘நாற்பதுகளில் இவ்வீட்டில் விற்பனையான ஏலக்காய்’.

எண்பது வருஷமாகக் கெடாமலிருக்க என்ன மருந்தைத் தெளித்தார்களோ! அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். வீறிட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்தார் அங்கே காவலுக்கு இருக்கும் அக்கா.

"பதறாதீக தம்பி. அதுல மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல. திங்கக்கெழமதான் ஆபீசர் போடியில வாங்கியாந்து வச்சாக. வர்ற புள்ளைக எல்லாம் ஆளுக்கு ரெண்டு தின்னுட்டுத்தான் போகுதுக."

போன உயிர் திரும்பி வந்தது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

மாடியில் ‘வியாபாரியின் பல்செட்’ என்று ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அது யாருடையது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் விசாரித்துச் சொல்லுங்கள்.