நாவல் கிளைக்கு யார் அனுமதி?

மேலிடத்து அனுமதி இல்லாமல் வேலுசாமிக்குத் தும்மல்கூட வராது என்று அவர் மனைவி நாகம்மா சொல்வாள். அது கொஞ்சம் அதிகப்படிதான். தும்மல் வரும். தும்மிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் ஒரு நோட்டம் விடுவார், அவ்வளவுதான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து இளவயதில் ஆவடிக்கு வந்து, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். குடிவந்த முதல் வாரமே, ஊர்ப் பழக்கத்தில், வாசலில் நின்ற வேப்பமரத்தில் பல் துலக்க ஒரு குச்சி ஒடித்தார். வாயில் கசப்பு இறங்குவதற்குள் எஸ்டேட் ஆபீஸ் ஆள் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான். அரசாங்க மரத்துக்குச் சேதம் விளைவித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு மறுநாள் மெமோ வந்தது. முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்னால் முதல் மெமோ வாங்கிய மகராசன் என்று கேன்டீனில் அவரை வைத்து வெகுநாள் சிரித்தார்கள். மனிதர் ஆடிப்போய்விட்டார். அன்றைக்குப் பற்பசைக்கு மாறியவர்தான்.

குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு மாமரம் உண்டு. வருஷா வருஷம் காய்ப்பை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவனுக்குத்தான் காய் சொந்தம். காற்றடித்தால் கொத்துக் கொத்தாக மாங்காய் ஜன்னல் கம்பியில் வந்து இடிக்கும். உள்ளே நாகம்மா, ஆவடி மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கிவந்த மாங்காயை நறுக்கி ஊறுகாய் போட்டுக்கொண்டிருப்பாள். வாசலில் உதிர்ந்து கிடப்பதைக்கூட வேலுசாமி துண்டில் முடிந்துகொண்டு போய் ஏலக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். அவனுக்கே கூச்சமாகிவிடும்.

“வச்சிக்கோ நைனா, யாரு கேக்கப்போறா?” என்பான்.

வேலுசாமி கேட்க வேண்டுமே! “ரூல்னு ஒண்ணு இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு, கையை உதறிக்கொண்டு வந்துவிடுவார். இப்படி ஒரு மாங்காய்கூடச் சும்மா கிடைக்காமல் நாகம்மாவின் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை முடிந்தது.

ஓய்வு பெற்றதும் திருநின்றவூரில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டினார்கள். மனையின் பின்மூலையில் பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. அந்த இடம் வயலாக இருந்த காலத்து மரம். ஏலம் போகாத மரம் என்று ஒன்று தன் வீட்டுக்கொல்லையில் இருக்கிறது என்பதில் நாகம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். பழக்காலத்தில் தினமும் முறத்தில் பொறுக்கிவந்து, நாக்கெல்லாம் ஊதா நிறமாக, சின்னப் பிள்ளை மாதிரி அலைவாள். வேலுசாமி அதைப் பொறுத்துக்கொண்டார். தடை உத்தரவு எதுவும் கண்ணில் படவில்லை.

வினை போன வருஷப் புயலில் வந்தது. நாவல் மரத்தின் தடித்த கிளை ஒன்று கவட்டையில் பிளந்து, முறியாமலும் விழாமலும் பின்பக்கத்து மதிலைத் தாண்டித் தொங்கியது. நாவல் கிளையை நம்ப முடியாது. பார்க்க யானைக்கால் தடிமன் இருக்கும், ஒரு நாள் மளுக்கென்று போய்விடும். அது தொங்கிய இடமோ பஷீருதீனின் கொட்டகை. பஷீருதீன் பூந்தமல்லிக்காரர், பரம்பரையாக மெத்தை தைக்கிறவர். வாடகை குறைவென்று இங்கே வந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுத் தொழில் செய்கிறார். உள்ளே கூரையைத் தொடும் அளவுக்கு இலவம்பஞ்சு, கல்யாண ஆர்டருக்குத் தைத்து அடுக்கிய மெத்தைகள். கிளை விழுந்தால் கூரை நொறுங்கும், மழை உள்ளே இறங்கும், பஞ்சு நனையும். நனைந்த பஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு வருஷப் பிழைப்பு போச்சு.

ஐப்பசி பிறந்ததும் பஷீருதீன் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

“அண்ணாத்தே, மழ புட்சிக்கிறதுக்குள்ள இந்தக் கெளைய கயிச்சி உட்ருங்க. காத்து அட்ச்சா தூக்கமே வரமாட்டுது. பஞ்சு நனைஞ்சா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

“செஞ்சிரலாம் பாய். அப்ரூவல் வந்ததும் முதல் வேலை அதுதான்.”

“இன்னா அப்ரூவலு? மரம் உங்க்ளுது, கெள உங்க்ளுது, கூரை என்க்ளுது. நடுவுல வேற யாரு கீறாங்க?”

“சட்டம் இருக்கு பாய்” என்றார் வேலுசாமி, ஏதோ சட்டம் அவர் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பது போல.

அவர் சொன்னதில் விஷயம் இல்லாமலும் இல்லை. சாலையோர மரத்தை வெட்டி அபராதம் கட்டினவர் கதையைப் பேப்பரில் படித்திருந்தார். படித்ததிலிருந்து அந்தக் கிளையை நிமிர்ந்து பார்க்கவே பயந்தார். மரமேறி மதுரைவீரனைப் பஷீருதீனே கூட்டிவந்தபோதும் வாசலோடு நிறுத்திவிட்டார்.

“உத்தரவு கையில வரட்டும்ப்பா.”

“சார், கயிறு கீது, அறுக்கற மிசினு கீது, மேல ஏறறதுக்கு நானும் கீறேன். உத்தரவுக்கு நான் எங்க போறது?” என்று தலையைச் சொறிந்துகொண்டே மதுரைவீரன் திரும்பிப் போனான்.

நாகம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பாவம், அந்த பாய் மூஞ்சப் பாருங்க. ஊர்ல எல்லாரும் கெளைய வெட்டறாங்க, இவருக்கு மட்டும் கோட்டையில இருந்து ஆர்டர் வரணுமாம். இருங்க, அருவாள எடுத்துகினு நானே ஏறிடறேன்.”

“ஏறிப் பாரு. கம்பி எண்ணணும்” என்றார் வேலுசாமி. அறுபது வயதுப் பெண்டாட்டி மரம் ஏறுவாளா என்பதைவிட, ஏறினால் எந்தப் பிரிவில் வழக்கு வரும் என்பதுதான் அவர் கவலை.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அவர் ஏறாத படியில்லை. கிராம நிர்வாக அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். வனத்துறை அலுவலகத்தில் ஒருவர், “சந்தன மரமா?” என்று நிமிர்ந்தார்.

“இல்லைங்க, நாவல்.”

“பழம் எப்படி?”

“நல்லா சதைப்பத்தா இருக்கும்.”

“அடுத்த சீசன்ல வாங்க” என்று சிரித்தார் அவர். வேலுசாமிக்கு அது வேடிக்கைப் பேச்சு என்றே உறைக்கவில்லை. அடுத்த பழக்காலம் வரைக்கும் கிளை தாங்குமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

கடைசியில் நகராட்சி. அங்கே கிருஷ்ணப்பிரியா என்ற இளம்பெண் இருந்தாள். வேலுசாமி நீட்டிய மூன்று பக்க மனுவை முழுக்கப் படித்த ஒரே ஜீவன் அவள்தான். கிளையின் சுற்றளவு, சாய்ந்திருக்கும் கோணம், வரைபடம் எல்லாம் அதில் இருந்தது. படித்து முடித்துவிட்டு அவரை அதிசயமாகப் பார்த்தாள்.

“ஐயா, ரோட்டோர மரம், ஏரிக்கரை மரம், அரசாங்க நிலத்து மரம்னா நீங்க இங்க வந்தது சரி. அதுக்கெல்லாம் மாவட்டப் பசுமைக் குழு வரைக்கும் போய்த்தான் அனுமதி வாங்கணும். இது உங்க கொல்லையில இருக்கற மரம். ஒடிஞ்ச கெளைய எடுக்கறதுக்கு எங்க அனுமதி எதுக்கு?”

“அப்ப அனுமதி தேவையில்லைன்னு ஒரு அனுமதி எழுதிக் குடுத்துடுங்களேன்மா.”

அந்தப் பெண் சிரிப்பை அடக்க மேஜைக்கடியில் எதையோ தேடினாள். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

“எழுதவே வேணாம், நிலத்துக்குச் சொந்தக்காரர் சம்மதிச்சா போதும்ங்க. அவரே வெட்டிக்கலாம். பட்டா யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்ல...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

மனை வாங்கும்போது ஒரு ஜோசியர், பூமி இவர் நட்சத்திரத்துக்கு ஒத்துவராது, சம்சாரத்தின் பேரில் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார். எழுதினார்கள். எழுதின கையோடு வேலுசாமி அதை மறந்தும் போனார். நாகம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். வரி கட்டியது, வீடு கட்டியது, வாசலில் தன் பேரைப் பலகையில் எழுதி மாட்டியது எல்லாம் அவர்தான்.

“வீட்டம்மா பேர்ல” என்றார், குரல் உள்ளே போய்விட்டது.

“அப்ப நீங்க ஊரெல்லாம் அலைஞ்சிருக்க வேணாமே ஐயா. போய் அம்மாகிட்ட கேளுங்க.”

வீட்டுக்கு வந்தார். நாகம்மா முன்னறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வெளியே வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. வேலுசாமி சட்டையைக் கழற்றாமல், நாற்காலியிலும் உட்காராமல், மேலதிகாரி முன்னால் நிற்பது போலவே நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லாமல் மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

“அதனால... அந்தக் கெளைய வெட்ட நீதான் அனுமதி குடுக்கணும்” என்று முடித்தார்.

இத்தனை நாளாக வெட்டு, வெட்டு என்று பிடுங்கி எடுத்தவள் சட்டென்று சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். நாகம்மா கீரைக்காம்பை ஓரமாக வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பாக்கலாம்” என்றாள்.

வேலுசாமிக்குத் திக்கென்றது. அந்த வார்த்தை அவருடையது. தையல் கற்றுக்கொள்ளப் போகட்டுமா என்று அவள் கேட்டபோது அவர் சொன்னது. பெரியவனை வேறு பள்ளியில் சேர்க்கலாமா என்றபோது சொன்னது. அரக்கோணத்தில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் சொன்னது. அவர் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாக்கலாம் என்பார், அத்தோடு சரி. அவளும் காத்திருந்து காத்திருந்து, கேட்டதையே மறந்துவிடுவாள் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தார்.

“எப்ப பாக்கறது? மழை வருது நாகு.”

“சொல்றேன்.”

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு. தூறல் விழுந்த போதெல்லாம் எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் திறந்து கிளையைப் பார்த்தார். காற்றடித்தால் தூக்கமே வராது என்று பாய் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. அதிகாரம் ஓரிடத்தில் இருக்க, அடி விழுவது வேறிடத்தில் என்றால் தூக்கம் எங்கிருந்து வரும்?

நாகம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. விடிந்ததும் மதுரைவீரனுக்கு அவளே போன் போட்டு வரச் சொல்லிவிட்டாள். ஆனால் அதை வேலுசாமியிடம் சொல்வதாக இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போய் மரத்தைச் சுற்றிவந்தாள். அண்ணாந்து பார்த்தாள். வேலுசாமி இரண்டடி பின்னால் கைகட்டிக்கொண்டு வந்தார். மதிலுக்கு மேல் பஷீருதீனின் தலை தெரிந்தது. விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

“அக்கா, நல்ல மனசு பண்ணி கையெய்த்துப் போட்ருங்க. பஞ்சு உங்க காலுல வியுது.”

“இரு தம்பி, இன்ஸ்பெக்ஷன் நடக்குது” என்றாள் நாகம்மா. பஷீருதீன் சிரித்த சிரிப்பில் மதில் ஆடியது. வேலுசாமி சிரிக்கவில்லை.

“பொளந்த கெள மட்டும் போவட்டும்” என்றாள் அவரிடம். “அதுக்கு மேல இருக்கறது பழம் புடிக்கற கெள. அதுல ஒரு எல விழுந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“சரி.”

“மேல இருந்து கயிறு கட்டி எறக்கணும். பாய் கூரை மேல ஒரு குச்சிகூட விழக் கூடாது.”

“சரிம்மா” என்றார் வேலுசாமி. ‘ம்மா’ தானாக வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் மதுரைவீரன் கிளையைக் கயிற்றில் கட்டி, துண்டு துண்டாக அறுத்து, கொல்லையிலேயே இறக்கிவிட்டான். சாயங்காலம் பிடித்துக்கொண்ட மழை ஆடித் தீர்த்தது. காற்று ஊளையிட்டது. பஷீருதீன் கொட்டகையில் தையல் மிஷின் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பஞ்சு ஒரு பிடிகூட நனையவில்லை.

ராத்திரி வேலுசாமி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அவருக்குள் ஏதோ இளகியிருந்தது. மனம் நிறைந்து, பெரிய மனது பண்ணி, ஒரு வார்த்தை சொன்னார்.

“நாகு, அரக்கோணம் போய் உன் தங்கச்சி வீட்ல பத்து நாள் இருந்துட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல. போய்ட்டு வா.”

நாகம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கு எட்டு மணி வண்டிக்கு வர்றேன்னு அவகிட்ட காலைலயே சொல்லிட்டேன். பையும் கட்டியாச்சு.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். கேக்கலாம்னு இல்ல.”

வேலுசாமி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் சோற்றில் பரவி ஓரத்துக்கு ஓடியது. பிசையக்கூடத் தோன்றவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அதுவும் ரொம்பத் தாமதமாக வந்த வெட்கம்.

“ஸ்டேஷன் வரைக்கும் நான் வரட்டுமா?” என்றார் மெல்ல.

நாகம்மா கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கிண்டல் போய்விட்டிருந்தது.

“வாங்க” என்றாள். உடனே சொன்னாள்.