அம்மாசி சொல்லாமல் விட்டது

மஞ்சக்குட்டையைச் சுற்றியிருந்த எஸ்டேட்டுகளில் மரம் சாய்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டு வருஷமாக அம்மாசியைத்தான் கூப்பிட்டார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கை ஒரு செடிகூட முறியாமல் படுக்க வைப்பார். எண்பத்திமூன்றாம் வருஷம் மாரமங்கலத்திலிருந்து லாசர் வந்தான். முப்பது வயது இருக்கும். அம்மாசிக்கு அரை நாள் பிடிக்கிற மரத்தை அவன் காலை டீ நேரத்துக்குள் சாய்த்துவிடுவான்.

"லாசரு மரத்தக் கொழந்தையாட்டம் படுக்க வெக்கறானாமா," என்றாள் மனைவி வேலம்மாள், சோறு போட்டுக்கொண்டே. அம்மாசி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். இந்த ஊட்டுக்குள்ளும் அவன் பேச்சுதானா?

அதற்குப் பிறகு லாசரின் ஒவ்வொன்றும் அவரை உறுத்தியது. அவன் கோடாலிக் காம்பின் வழுவழுப்பு, எஸ்டேட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர் அவனிடம் சிரித்துப் பேசுவது, ஞாயிறு பூசைக்கு அவன் உடுத்தும் வெள்ளைச் சட்டை. தன்னைக் கண்டதும் அவன் தலைத்துண்டை எடுப்பதுகூட உறுத்தியது.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தின் மேல் சாய்ந்து நின்ற பெரிய மரத்தை வெட்ட முடிவாயிற்று. தனக்குத்தான் அந்த வேலை என்று நினைத்து, அம்மாசி முந்தின நாளே போய்க் கோடாலியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் பொத்தென்று சத்தம் வந்தது. உள்ளே உளுத்திருந்தது.

மறுநாள் ரைட்டர் வேலையை லாசரிடம் கொடுத்தார். அம்மாசி வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவையாவது சறுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதி வெட்டுவதற்குள் மரம் கிழிந்து திரும்பி விழுந்தது. ஓடிய லாசரின் காலை ஒரு கிளை அமுக்கிக்கொண்டது. முதலில் பாய்ந்தவர் அம்மாசிதான். கிளையைத் துண்டித்து அவனை இழுத்தெடுத்தார்.

மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"நீங்க மொத நா தட்டிப் பாத்தத நான் பாத்தனுங்கண்ணா," என்றான் லாசர். "ஒண்ணும் சொல்லலீங்களே, அப்ப மரம் நல்லாத்தான் இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

அம்மாசி பழப் பையைக் கீழே வைத்தார். "உளுத்துக் கெடந்துச்சு, லாசரு. எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல."

லாசர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "ரைட்டர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. உங்க வேல போயிரும்," என்றான்.

நொண்டிய காலோடு அவன் நாற்றங்கால் வேலைக்குத் திரும்பினான். அம்மாசியோடு சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. மரங்களெல்லாம் மறுபடி அம்மாசியிடமே வந்தன. பத்து வருஷம் வெட்டினார். தான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் ரைட்டரிடம் சொல்ல வேண்டாம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்திருக்காது என்பது அவருக்குத் தெரியும். அவன் மனசின் மேல் வந்த அந்தப் பொறாமை மட்டும் கடைசிவரை போகவில்லை.